விளாவிய நீர்: பாலக்காட்டுக் கணவாயில் பயணக் குளியலின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி பிறந்ததும் ஒரு சொல்லாராய்ச்சி சமூக ஊடகங்களில் வலம்வரத் தொடங்குகிறது. ‘குளிர்வித்தல்’ என்பதே ‘குளித்தல்’ எனச் சுருங்கிற்று. ஆகவே உடலைக் குளிரச் செய்வதே குளியல். வெந்நீரில் குளிப்பது பிற்காலத்துப் பிழை என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது, சான்றுதான் இல்லை. முத்துக்குளித்தல் என்ற தொடர் ஒன்றே இதை மறுக்கப் போதுமானது. அங்கே எவரும் உடலைக் குளிர்விக்கக் கடலில் இறங்குவதில்லை. மூழ்குதலே ‘குளி’ என்பதன் பழம்பொருள். பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) ‘குளி’யையும் ‘குளிர்’ஐயும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. மலையாளத்தின் ‘குளி’யும் இதே சொல்தான்.

மூழ்குவதே குளியல் என்றால், மூழ்குமளவு நீர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்கான விடை கொங்குத் தமிழில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகளில் பெரும்பாலோர் பேசுவது தமிழ். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிக்குள் இருந்தும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை இழந்துவிடும் மழைமறைவு நிலம் இது. கொங்கு வழக்கில் ஒருவர் குளிப்பதை ‘தண்ணி வாத்துக்கறது’ என்பர். தண்ணீரை வார்த்துக்கொள்வது: அதாவது பாத்திரத்தில் மொண்டு உடல்மேல் ஊற்றிக்கொள்வது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு ‘முழுகுதல்’ தனியாக உண்டு. (வறட்சியான ஊர் என்பதால் ‘வார்த்தல்’ வந்தது என்று நேர்க்கோடு போட்டுவிடக் கூடாது. காவிரிக் கரையில் வாழும் கொங்கு மக்களிடமும் இவ்வழக்கு உண்டு. மழையளவை வைத்துச் சொற்பிறப்பு எழுதுவதும் மார்கழி ஆராய்ச்சியைப் போன்றதுதான்.)

மூன்றாவது வினை ஒன்று இருக்கிறது: விளாவுதல். கொதித்த நீரில் தண்ணீர் கலந்து உடல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருவது. பேச்சில் ‘வளாவு’ என்றும் வரும். ஒரு செயலுக்கென்று தனிவினை நிலைபெறுவதற்கு அச்செயல் வீடுதோறும் நடந்திருக்க வேண்டும். குழாயைத் திருப்பினால் இளஞ்சூட்டில் நீர் கொட்டும் வீடுகளில் இவ்வினை வழக்கிழந்து வருகிறது. ஆனால் இன்று சிறிய பயண வண்டியொன்றை எடுத்துக்கொண்டு, மின்னிணைப்பும் குழாயிணைப்பும் இல்லாத இடத்தில் இரவு தங்கி, காலையில் வெந்நீரில் குளிக்க விரும்புவோர் செய்ய வேண்டியது பெரும்பாலும் இதுவேதான். அண்மைக்காலத்துச் சுற்றுலா விளம்பரங்கள் இதைப் புதிய வாழ்முறையாகக் காட்டுகின்றன. இணைப்பில்லாத வெந்நீர்க் குளியல் பாலக்காட்டுக் கணவாயில் புதிதன்று, இணைப்புதான் புதிது. வரலாற்றில் மாறிவந்தது வேறொன்று. நீரை யார் சுமந்தார், அடுப்பை யார் ஊதினார், யார் குளித்தார் என்பதே அது.

தமிழ்நாட்டுச் சமவெளியையும் மலையாளக் கரையையும் இணைக்கும் இயற்கை வாயில் இக்கணவாய். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் இதைக் கடந்தோர் ஆற்றையும் குளத்தையும் ஒட்டியே தங்குமிடத்தைத் தேர்ந்தனர். வழியில் வெந்நீர் என்ற எண்ணமே அரிது. வீட்டிலும் வெந்நீர் நாள்தோறும் வந்ததில்லை. தீபாவளி எண்ணெய்க் குளியல், பிள்ளைப்பேறு, நோயிலிருந்து எழுந்தவருக்கு ஊற்றும் முதல் நீர், முதியோர் என்று அதற்குரிய வேளைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. சத்திரங்களின் கிணறுகளும் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருந்தவை அல்ல. பயணத்தில் நீர் கிடைப்பது என்பதே சமூகத் தகுதியைப் பொறுத்திருந்த காலம் அது.

பயணத்தில் அன்றாட வெந்நீர் என்ற வழக்கத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது முகாம். பிரான்சிஸ் புக்கானன் 1800ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் கோயம்புத்தூர் வழியாகப் பாலக்காட்டுக்குள் நுழைந்தார். கம்பெனி அதிகாரிகளின் இத்தகைய பயணம் தனியாள் பயணம் அன்று; கூடாரங்கள், மாடுகள், பணியாளர் என நகரும் சிற்றூர். பின்னாளில் மாவட்ட ஆட்சியர்களும் ஜமாபந்திக்காகவும் நில அளவைக்காகவும் ஆண்டின் பல மாதங்களைக் கூடாரத்தில் கழித்தனர். இரண்டு தொகுதிக் கூடாரங்கள் வைத்துக்கொள்வது வசதியுள்ள அதிகாரிகளின் வழக்கம். ஒன்றில் துரை உறங்கிக்கொண்டிருக்க, மற்றொன்று இரவோடிரவாக மாட்டுவண்டியில் அடுத்த ஊருக்குப் போகும். காலையில் அவர் குதிரையில் வந்து இறங்கும்போது குளியல் கூடாரத்தில் தகரத் தொட்டியும் வெந்நீரும் காத்திருக்கும்.

இந்த ஏற்பாட்டின் சொற்கிடங்கு யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் (1886) அகராதியில் அப்படியே கிடக்கிறது. பர்னெல் சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்தவர் என்பதால் தென்னாட்டுச் சொற்கள் அதில் நிறைய உண்டு. குளியலறையைக் குறிக்கும் ‘குசல்கானா’, நீர் சூடாக்கிய ‘சட்டி’, தோற்பையில் நீர் சுமந்த ‘பிஸ்தி’, மாட்டின் இருபுறமும் பெரிய தோற்பைகளைத் தொங்கவிட்டு நீர் கொண்டுவந்த ‘பக்காலி’ ஆகிய எல்லாம் அங்கே தலைப்புச் சொற்கள். பிஸ்தி என்பது ‘சொர்க்கத்தைச் சார்ந்தவர்’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. தாகத்துக்கு நீர் தருவோருக்கு அழகிய பெயர்தான். ஊதியம் அந்த அழகுக்கு ஏற்றபடி இருந்ததாகக் கருத இடமில்லை. ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் ஆங்கில இல்லத்தரசிகளுக்காக எழுதிய புகழ்பெற்ற வீட்டு நிர்வாகக் கையேடு முகாம் வாழ்க்கைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்குகிறது. அத்தகைய நூல்களில் வெந்நீர் என்பது பணியாளரை மேற்பார்வையிடும் கலையின் கிளை. விறகு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவற்றில் இடம் குறைவு. ஊர்ப் பணியாளர்களும் குயவர்களும் முகாமுக்கு விறகும் பானையும் கொண்டுவந்து கொடுத்தனர். அவர்களுக்கு உரிய விலை போய்ச் சேர்ந்ததா என்பது அந்தந்த முகாமின் நேர்மையைப் பொறுத்திருந்தது.

முகாமின் எச்சங்கள் இன்றைய தமிழில் உயிரோடு இருக்கின்றன. ‘முகாம்’ அரபுச் சொல். ‘கலெக்டர் கேம்ப்’ என்பது எல்லோர்க்கும் புரியும். பயணியைக் குறிக்கும் ‘முசாபிர்’ என்ற அரபுச் சொல் ‘முசாபரி பங்களா’வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கணவாயின் மேற்கே அது ‘முசாவரி’ ஆயிற்று. கூடாரத்தைச் சுமந்து திரிவதற்கு மாற்றாக நெடுஞ்சாலை ஓரங்களில் எழுந்த இப்பங்களாக்களில் காவலாளியே சமையலாளர், அவரே நீர் சுமப்பவர். நீர் சூடாக்கும் பாத்திரம் மட்டும் பானையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னுக்கு மாறியது. நான்கு காலன், அதாவது ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் இந்தச் சதுரத் தகரம், மண்ணெண்ணெய் விற்ற பிறகு எறியப்படாமல் நீர்க்குடமாகவும் அடுப்பில் ஏறும் அண்டாவாகவும் பிழைத்தது. ஒரு டின், ஒரு குளியல் என்ற அளவு இப்படித்தான் பழகிப்போனது. இன்று குளியலறை வாளிகள் பல ஏறத்தாழ இதே கொள்ளளவில் இருப்பதைப் பார்க்கையில், ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய எடையே குளியலின் அளவையும் தீர்மானித்தது எனலாம்.

கருவி வரலாற்றில் இதைவிடச் சுவையானது செம்புப் பாய்லர். உருளைப் பாத்திரத்தின் நடுவே ஒரு குழல், குழலுக்குள் தீ, சுற்றிலும் நீர், அடியில் சாம்பல் விழும் தட்டு, பக்கவாட்டில் குழாய். சிரட்டை, தென்னம்பாளை, மரத்தூள், சுள்ளி எதுவும் எரியும். நெருப்பு நீரின் நடுவில் இருப்பதால் அதன் வெப்பம் வெளியே வீணாவது குறைவு. கேரளத் தேநீர்க் கடைகளில் இதே அமைப்புக்குச் ‘சமாவர்’ என்றே பெயர். ருசியாவின் துலா நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட்டறைத் தொழிலாக வளர்ந்த சமோவாரின் பெயர் அது. ‘தானே கொதிப்பது’ என்பது அதன் பொருள். மலையேறுவோரும் வண்டிப் பயணிகளும் இன்று பெருமையோடு வாங்கும் நடுக்குழல் கெண்டிகளுக்கும் இதே இயங்குமுறைதான். கணவாயில் கீழைக்காற்று வலுக்கும் மார்கழி, தை மாதங்களில் திறந்த அடுப்பின் தீ பாத்திரத்தைத் தொடாமலே சாய்ந்து ஓடிவிடும். குழலுக்குள் இருக்கும் தீயை அக்காற்று ஒன்றும் செய்வதில்லை. வீட்டுக் கொல்லைப்புறத்துக்கென வாங்கிய பாத்திரம், பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

‘கீசர்’ என்ற சொல்லின் கதை வேறு. லண்டனில் பெஞ்சமின் வாடி மான் 1868இல் எரிவாயுவால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவியை உருவாக்கி, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றான கெய்சிரின் பெயரை அதற்கு இட்டார். புகைபோக்கி இல்லாத அக்கருவி ஆபத்தானதாகவும் இருந்தது. இந்தியாவில் சொல் மின்கருவிக்குத் தாவி வீட்டுக்குள் வந்தது. மின்னிணைப்பு, குழாயிணைப்பு இரண்டும் இல்லாமல் கீசருக்கு வாழ்வில்லை. அவ்வகையில் வெந்நீரைச் சுவரோடு கட்டிப்போட்ட சொல் அது.

கணவாய் வழியாக 1862இல் போத்தனூருக்கும் மேற்குக் கரைக்கும் இடையே இருப்புப்பாதை முழுமை பெற்றதும், கொதிநீரைச் சுமந்துகொண்டே ஓடும் வாகனம் வாளையாறு காடுகளுக்குள் வந்தது. ஆயினும் பயணிகள் குளிக்க அது உதவவில்லை. உயர்வகுப்புப் பெட்டியில் குளியலறை இருந்தது. எஞ்சியோருக்கு நிலையத்துக் குழாயடி.

இணைப்பில்லாத சிறு வண்டியில் வாழ்ந்து, சமைத்து, குளித்தவர்களை இப்பகுதியில் உண்மையாகத் தேடினால் கிடைப்பவர்கள் லாரி ஓட்டுநர்கள். நாமக்கல், சங்ககிரி வண்டிகள் கேரளத்துக்குள் நுழையும் பெருவாயில் வாளையாறு. அதற்குத் தெற்கே வேலந்தாவளம் போன்ற சிறுவாயில்கள். வணிகவரிச் சோதனைச்சாவடிகளில் ஆவணம் சரிபார்க்க வரிசையில் நிற்பது மணிக்கணக்கில், சிலபோது நாள்கணக்கில் நீண்டது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்து அச்சாவடிகள் மூடப்படும்வரை, ஓட்டுநரும் கிளீனரும் அந்தச் சாலையோரத்தில் குடித்தனம் நடத்தினர் என்றே சொல்ல வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்ப் அடுப்பு, ஒரு வாளி, ஒரு குவளை. காற்றழுத்தத்தால் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் இவ்வகை அடுப்பு, சுவீடனில் 1892இல் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸின் வழிவந்தது. சோறு வெந்து இறங்கிய பின் மீதமிருக்கும் தீயில் ஒரு குண்டா நீர் ஏறும். வாளியில் விளாவி, சக்கரத்தின் மறைவில் நின்று வார்த்துக்கொள்வது. எந்தச் சுற்றுலாத் துறையும் இதற்குப் பெயர் சூட்டவில்லை.

பெயர் சூட்டப்பட்டது இன்னொரு வண்டிக்கு. பாரசீகத்தின் ‘கார்வான்’ பாலைவனத்தில் கூட்டமாகச் செல்லும் வணிகரைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது மூடுவண்டியைக் குறிக்கத் தொடங்கி, வாயிற் சுருங்கி ‘வேன்’ ஆனது. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் குதிரைகள் இழுக்கும் வீட்டுவண்டியை இன்பப் பயணத்துக்கென்றே கட்டுவித்தார். அவரோடு வண்டியோட்டியும் பணியாளும் சென்றனர் என்பதை மறந்துவிடக் கூடாது. தமிழுக்கு ‘வேன்’ ஒரு முறையும் ‘கேரவன்’ மறுமுறையும் வந்து சேர்ந்தன. ஒரே சொல் இருமுறை இறங்கி, முதலாவது பள்ளிப் பிள்ளைகளுக்கும் இரண்டாவது திரைநட்சத்திரங்களுக்கும் உரியதானது. படப்பிடிப்புத் தளங்களில் கேரவன் வெறும் ஆடம்பரம் அன்று. உடைமாற்றவும் கழிவறைக்கும் மறைவிடம் தேடி அலைந்த பெண் கலைஞர்களுக்கு அது தேவையாக இருந்தது. அந்தத் தேவை யாருக்கு நிறைவேறியது என்பதுதான் வினா. 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை, மலையாளத் திரையுலகில் பெண் கலைஞர்கள், குறிப்பாகத் துணை நடிகையர், கழிவறையும் உடைமாற்றும் இடமும் இன்றிப் பட்ட அல்லலைப் பதிவு செய்திருக்கிறது. கேரவன் நின்ற அதே தளங்களில்தான்.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து ‘கேரவன் கேரளா’ என்று பெயரிட்டது. முதல் கேரவன் பூங்கா 2022இல் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் திறக்கப்பட்டது. பூங்கா என்பது இங்கே இணைப்பின் மறுபெயர்: மின்சாரமும் நீரும் கழிவு வெளியேற்றமும் ஓரிடத்தில். பூங்காவை விட்டு வெளியே நின்றால் வண்டி மீண்டும் 1800க்குத் திரும்பிவிடுகிறது. பக்காலியும் பிஸ்தியும் இல்லாத 1800.

கணக்கு எளியது. 25 பாகை செல்சியசில் இருக்கும் 20 லிட்டர் நீரை 40 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1,256 கிலோஜூல், அதாவது 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பெயரளவுக்கு 1.2 யூனிட் உண்டு. அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது ஏறத்தாழப் பாதி. ஒருவர் குளித்தால் விளக்குக்கும் விசிறிக்கும் மிச்சம் கொஞ்சம். இதே வெப்பத்தைச் சமையல் எரிவாயுவில் பெற, அடுப்பின் இழப்பையும் சேர்த்து, 50 கிராம் அளவே செலவாகும். 20 லிட்டரையும் அடுப்பில் ஏற்ற வேண்டியதும் இல்லை. 4 லிட்டரைக் கொதிக்கவைத்து 16 லிட்டர் தண்ணீரில் ஊற்றினால் 40 பாகை வந்துவிடும். விளாவுதல் என்ற வினைக்குள் இருப்பது இந்த நான்குக்குப் பதினாறுதான். பாட்டிமார் அதை முழங்கையால் தொட்டறிந்தனர். வெயிலையும் கணக்கில் சேர்க்கலாம். கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் அமெரிக்காவின் பால்டிமோரில் காப்புரிமை பெற்ற சூரிய வெந்நீர்க் கருவி, கறுப்பு வண்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்தது மட்டுமே. சித்தூர் வட்டத்தின் பங்குனிச் சித்திரையில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டி அதே வேலையை யார் கேட்காமலும் செய்துவிடுகிறது. அப்போது விளாவுதல் தலைகீழாகி, சூட்டைத் தணிக்கக் கிணற்று நீரைத் தேட வேண்டியிருக்கும்.

ஓடும் வண்டியின் எஞ்சினோ எரிபொருள் ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியே விடுகிறது. குளிர்விப்பு நீர் ஓடும் குழாயைத் தொட்டிக்குள் சுருளாக வளைத்து அவ்வெப்பத்தை மீட்கும் முறை பயண வண்டிகளிலும் படகுகளிலும் உண்டு. பொழுதுசாயும் வரை ஓடிய வண்டியில் இரவுக் குளியலுக்குத் தனியே தீ வேண்டாம்.

தனியே தீ மூட்டும் இடத்தில்தான் வரலாறு கொடுமையாகிறது. மூடிய சிற்றறைக்குள் எரியும் எதுவும் உயிர்வளியை உண்டு கார்பன் மோனாக்சைடை விடக்கூடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. 1868இன் கருவிக்கு இருந்த இதே குறை, காற்றோட்டமில்லாத குளியலறைகளில் வைக்கப்படும் எரிவாயு கீசர்களால் இந்திய நகரங்களில் இன்றும் உயிர்களைப் பறிக்கிறது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே கசிந்ததே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. இறந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். வண்டியோட்டியும் உடன் பணிபுரிந்தவரும். முகாமில் நீர் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. பூங்காக் கொள்கைகளில் வண்டியோட்டி எங்கே உறங்குவார், எங்கே குளிப்பார் என்பது இனியாவது தனிப்பத்தியாக வர வேண்டும்.

தீயின் கணக்கு இப்படி முடிய, நீரின் கணக்கு வடகரப்பதியில் தொடர்கிறது. 1970 மே 29 அன்று கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் சித்தூர்ப்புழைப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை உறுதி செய்கிறது. ஆயினும் கால்வாயின் கடைக்கோடியில் இருக்கும் கிழக்கு ஊராட்சிகளுக்கு அது எட்டுவது கடினம். மூலத்தரை வலதுகரைக் கால்வாயைக் கோரையாற்றுக்கும் அதற்கப்பால் வேலந்தாவளத்துக்கும் நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்து பிறந்ததே. அண்டையிலுள்ள பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோக்கோ-கோலா ஆலை நிலத்தடி நீர்ப் போராட்டத்துக்குப் பின் 2004இல் உற்பத்தியை நிறுத்தியதை இங்கே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை பிடிக்கும் நிலத்தில், நிமிடத்துக்கு 9 லிட்டர் பொழியும் ஷவர் இரண்டு நிமிடத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் காலி செய்துவிடும். சோப்புப் போடும்போது குழாயை மூடிவிடுவதை அமெரிக்கக் கடற்படையினர் கப்பலில் ஒழுங்காகவே பயின்றனர். பயண வண்டிக்காரர்கள் அதை அவர்கள் பெயராலேயே அழைக்கின்றனர். குவளையும் வாளியும் வைத்திருப்பவர் மூடுவதற்கு ஒன்றும் இல்லை.

பயண வண்டியில் குளித்த நீர் அடித்தொட்டியில் தேங்கி, கொட்டுமிடம் தேடிக் கூடவே வருகிறது. வடகரப்பதியின் பழைய வீடுகளில் குளிக்கும் கல்லிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் கிளம்பி, வேலியோரத்து வாழைக்கும் தென்னைக்கும் போய்விடும்.